"எந்த ஃபீல்டுக்கு ஸ்கோப் இருக்கு?" – அதுக்குப் பதிலா கேட்க வேண்டிய மூணு கேள்வி

இந்த எபிசோடுக்கான விஷயம் நீங்க அனுப்பின மெசேஜ்கள்ல இருந்தே வந்தது. கொஞ்ச நாளாவே எங்க இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான் சுத்தி சுத்தி வருது: "அக்கா, இப்போ எந்த ஃபீல்டுக்கு ஸ்கோப் இருக்கு?" கேட்கிறவங்க ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. ஒருத்தர் மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறார். ஒருத்தர் பி.காம் முடிச்சுட்டு நைட் ஷிஃப்ட் வேலையில இருக்கார். இன்னொருத்தர் மூணாவது வருஷமா குரூப் 4-க்குப் படிக்கிறார், வீட்டுல கல்விக்கடன் தவணை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இவங்க மூணு பேருக்கும் ஒரே பதில் சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்.

அதனால "டாப் 10 துறைகள்"னு ஒரு பட்டியல் நான் இன்னைக்குப் போடப் போறதில்லை. அந்தப் பட்டியல் ஏன் உதவாதுன்னு புரிய நம்ம சென்னையைச் சுத்தி நடந்த ரெண்டு விஷயம் போதும்.

ஒரே ஊர், ரெண்டு கதை

முதல்ல ஸ்ரீபெரும்புதூர். 2006-ல அங்க நோக்கியா போன் தயாரிக்க ஆரம்பிச்சது. அந்த நேரத்துல "எலக்ட்ரானிக்ஸ்தான் எதிர்காலம்"னு எல்லாரும் சொன்னாங்க. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதுல பெரும் பகுதி பெண்கள், வேலைக்குச் சேர்ந்தாங்க. 2014-ல நோக்கியாவோட போன் பிசினஸை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்போ, வரி வழக்குல மாட்டியிருந்த இந்த ஆலை மட்டும் அந்த டீல்ல சேரலை. அதே வருஷம் நவம்பர்ல உற்பத்தி நின்னு போச்சு. கொஞ்ச வருஷத்துல காட்சி மறுபடி மாறுச்சு. பூட்டிக் கிடந்த அந்த இடத்தையே சால்காம்ப் வாங்கி சார்ஜர் தயாரிக்க ஆரம்பிச்சது. ஃபாக்ஸ்கான் அதே ஸ்ரீபெரும்புதூர்ல ஐபோன் அசெம்பிள் பண்ணுது. துறை செத்துப் போகலை, திரும்பி வந்துச்சு. ஆனா 2014-ல வேலை போனவங்களுக்கு அஞ்சாறு வருஷம் காத்திருக்க முடியுமா?

அடுத்தது மறைமலை நகர். இந்தியால கார் தயாரிக்கிறதை நிறுத்தப் போறோம்னு ஃபோர்டு 2021 செப்டம்பர்ல அறிவிச்சது. 2022-ல சென்னை ஆலையில உற்பத்தி நின்னுச்சு. ஆனா அதே கம்பெனியோட இன்னொரு பக்கம் இங்கேயே நடந்துட்டே இருந்தது. உலகம் முழுக்க இருக்கிற ஃபோர்டு அலுவலகங்களுக்கு ஐடி, அக்கவுண்ட்ஸ், இன்ஜினியரிங் வேலை செய்யற பிரிவு அது. 2024-ல ஃபோர்டு சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டுல அந்தப் பிரிவுல சுமார் 12,000 பேர் இருந்தாங்க. இன்னும் ஆள் எடுப்போம்னும் சொன்னாங்க.

ஒரே கம்பெனி, ஒரே ஊர். ஒரு வாசல் மூடுது, பக்கத்து வாசல்ல ஆள் எடுக்கறாங்க. "ஆட்டோமொபைல் நல்ல ஃபீல்டா?"ன்னு 2021-ல கேட்டிருந்தா என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? துறை வேற, வேலை வேற. நீங்க சேரப் போறது ஒரு துறையில இல்லை, அந்தத் துறைக்குள்ள இருக்கிற ஒரு குறிப்பிட்ட வேலையில. இதை மனசுல வச்சுக்கிட்டு மூணு கேள்வியைப் பார்ப்போம்.

கேள்வி 1: இங்க சம்பளக் காசு எங்கிருந்து வருது?

ஒவ்வொரு துறைக்கும் காசு தர்றவங்க ஒருத்தர் இருப்பாங்க. அவங்க யாருன்னு தெரிஞ்சா, அந்தத் துறை எப்போ ஆடும்னு தெரிஞ்சுடும்.

திருப்பூரை எடுத்துக்கலாம். அங்க தைக்கிற டி-ஷர்ட்டை வாங்கறவங்க அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் இருக்காங்க. 2025 ஆகஸ்ட்ல இந்தியப் பொருட்கள் மேல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ, திருப்பூர்ல உடனே ஆர்டர்கள் தடுமாற ஆரம்பிச்சது. தைக்கிறவங்க திறமையில எந்தக் குறையும் இல்லை. காசு வர்ற குழாய் வெளிநாட்டுல இருந்தது, அவ்வளவுதான்.

ஓஎம்ஆர்ல இருக்கிற ஐடி சர்வீஸ் கம்பெனிகளுக்கும் இதே கதைதான். வெளிநாட்டு வங்கி, ரீட்டெயில் கம்பெனி எல்லாம் செலவைக் குறைச்சா இங்க ஃப்ரெஷர் எடுக்கறது குறையும். 2025 ஜூலையில டிசிஎஸ் தன் ஊழியர்கள்ல சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப் போறதா சொன்னது ஞாபகம் இருக்கும்.

ஒரு தனியார் மருத்துவமனைக்குக் காசு பெரும்பாலும் உள்ளூர் நோயாளிகிட்ட இருந்தும் இன்ஷூரன்ஸ்ல இருந்தும் வருது. வெளிநாட்டு வரி அதை நேரா அசைக்காது. அதுக்காக ஏற்றுமதித் துறை மோசம்னு அர்த்தமில்லை. அங்க வளர்ச்சி வேகமா இருக்கலாம், ஆட்டமும் அதிகமா இருக்கலாம். வீட்டுல உங்க சம்பளம் மட்டும்தான் வருமானம்னா, இந்த ஆட்டத்தையும் கணக்குல எடுத்துக்கணும்.

கேள்வி 2: அதுக்குள்ள என் வேலை எது?

நம்மள்ல நிறைய பேர் சறுக்கறது இங்கதான். "நான் பி.காம், எனக்கு கார் கம்பெனியில என்ன வேலை?" நிறைய இருக்கு. ஒரு காருக்கு எவ்வளவு செலவாகுதுன்னு கணக்கு போடற காஸ்ட் அக்கவுண்டிங், நூத்துக்கணக்கான சப்ளையர்கிட்ட இருந்து பாகம் நேரத்துக்கு வருதான்னு பார்க்கிற சப்ளை செயின், துறைமுகத்துக்கு அனுப்பற ஏற்றுமதி ஆவணங்கள். மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு மட்டும் சொந்தமான இடம் இல்லை அது.

திருப்பூர்ல மெர்ச்சண்டைசர்னு ஒரு வேலை இருக்கு. வெளிநாட்டு பையர் கேட்கிற டிசைனைப் புரிஞ்சுக்கிட்டு, சாம்பிள் தைக்க வச்சு, துணி, சாயம், பட்டன் வரைக்கும் விலை போட்டு, கப்பல் ஏறுற தேதி வரைக்கும் துரத்தற ஆள். டெக்ஸ்டைல் படிச்சிருந்தா நல்லது. ஆனா நல்லா பேசி, எழுதி, எக்செல்ல கணக்கு பார்க்கத் தெரிஞ்சவங்களும் இதுல வளர்றாங்க.

மருத்துவமனைன்னா டாக்டர், நர்ஸ் மட்டும்தான் ஞாபகம் வரும். ஸ்கேன் மெஷினைப் பராமரிக்கிற பயோமெடிக்கல் டெக்னீஷியன், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கிற டெஸ்க், அமெரிக்க மருத்துவமனைகளோட ரெக்கார்டைப் படிச்சு கோட் போடற மெடிக்கல் கோடிங் எல்லாம் சென்னையிலயே இருக்கிற வேலைகள்தான்.

இப்போ அடிக்கடி காதுல விழற ஜிசிசி பற்றியும் சொல்லிடறேன். வெளிநாட்டுக் கம்பெனி தன் சொந்த வேலையைச் செய்ய இங்க வைக்கிற சொந்த அலுவலகம்தான் ஜிசிசி. முன்னாடி சொன்ன ஃபோர்டு பிரிவும் இந்த வகைதான். நாஸ்காம் கணக்குப்படி 2024-ல இந்தியாவுல 1,700-க்கு மேல இருந்தது, சுமார் 19 லட்சம் பேர் வேலை பார்த்தாங்க. ஐடி சர்வீஸ் கம்பெனி அடுத்தவங்களுக்கு வேலை செஞ்சு பில் போடும், ஜிசிசி தன் கம்பெனிக்கே வேலை செய்யும். பொதுவா, சர்வீஸ் கம்பெனிகள் ஃப்ரெஷரை மொத்தமா எடுக்கும். ஜிசிசிகள் ரெண்டு மூணு வருஷ அனுபவம் உள்ளவங்களைத் தேடும். அதனால முதல் வேலை சர்வீஸ் கம்பெனியில, அடுத்த வேலை ஜிசிசியிலன்னு திட்டம் போடறது நடைமுறைக்கு ஒத்து வரும்.

கேள்வி 3: இந்த வேலை அடுத்து எந்தக் கதவைத் திறக்கும்?

எனக்கு ரொம்ப முக்கியமா படற கேள்வி இதுதான். நோக்கியா கதைக்கே திரும்பப் போவோம். லைன்ல ஒரே ஒரு பாகத்தை மட்டும் பொருத்தற வேலையை எட்டு வருஷம் செஞ்சவருக்கும், அதே லைன்ல டெஸ்டிங் மெஷினைச் சரிபார்த்தவருக்கும் அனுபவம் எட்டு வருஷம்தான். ஆனா ஆலை மூடின மறுநாள் ரெண்டாவது ஆள் வேற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கும் போகலாம், கார் பாகம் செய்யற கம்பெனிக்கும் போகலாம். முதல் ஆளுக்கு அடுத்த கேட்ல "வயசு 18-லிருந்து 25 வரை"ன்னு ஒரு போர்டு நின்னுட்டு இருக்கலாம்.

துறை விட்டு துறை போகும்போது கூடவே வர்ற வேலைகள் சிலது இருக்கு. குவாலிட்டி, மெயின்டனன்ஸ், சப்ளை செயின், அக்கவுண்ட்ஸ், டேட்டாவை வச்சு முடிவெடுக்கறது, வாடிக்கையாளர்கிட்ட பேசி விக்கறது. கார் பாகத்துல குவாலிட்டி பார்த்தவர் மருந்து கம்பெனிக்குப் போனா புதுசா கத்துக்க வேண்டியது இருக்கும். ஆனா தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தேடிப் போற பழக்கம் அங்கேயும் அதேதான்.

எதிர்ப்பக்கமும் இருக்கு. பார்த்து அப்படியே டைப் பண்ற டேட்டா என்ட்ரி, எழுதி வச்ச ஸ்டெப்பை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டற டெஸ்டிங், ஒரே அச்சுல எழுதற கன்டென்ட். ஏஐ முதல்ல கை வைக்கறது இங்கதான். இந்த மாதிரி வேலையில நீங்க இப்போ இருந்தா பதற வேண்டாம். அதே டீம்ல முடிவெடுக்கிற வேலை எதுன்னு பார்த்து, அது பக்கம் நகர ஆரம்பிங்க.

அரசுத் தேர்வு எழுதறவங்களுக்கு

இது கொஞ்சம் கஷ்டமான பகுதி, ஆனாலும் பேசித்தான் ஆகணும். 2024 ஜூன்ல நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு முதல்ல அறிவிச்ச இடங்கள் 6,244. விண்ணப்பிச்சவங்க 20 லட்சத்துக்கு மேல. பிறகு இடங்களைக் கூட்டினாங்க. அப்படியும் ஒரு இடத்துக்கு 200 பேருக்கு மேல வருது. எல்லாரும் முழுசா படிச்சுட்டு வர்றதில்லைதான். ஆனா சீரியஸா படிக்கிறவங்க மட்டும்னு வச்சாலும் கூட்டம் பெருசு.

எழுதாதீங்கன்னு நான் சொல்லலை. அரசு வேலை ஒரு குடும்பத்தோட தலையெழுத்தை மாத்தும், அது எனக்கும் தெரியும். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு: முடிவு தேதி இல்லாம உட்காராதீங்க. "இந்தத் தேதி வரைக்கும், இத்தனை முயற்சி"ன்னு வீட்டுல உட்கார்ந்து பேசி எழுதி வைங்க. கூடவே பாதி நாள் வேலையோ, ஒரு டாலி, ஜிஎஸ்டி கோர்ஸோ ஏதாவது ஒண்ணு ஓடட்டும். 27 வயசுல வெளிய வரும்போது கையில ஹால் டிக்கெட் மட்டும் இருக்கக் கூடாது.

இந்த வாரமே செய்யக் கூடியது

ஒண்ணு, நீங்க நினைக்கிற வேலையோட பேரைப் போட்டு நௌக்ரியிலயோ லிங்க்ட்இன்லயோ 30 விளம்பரம் படிங்க. அப்ளை பண்ண வேண்டாம், படிச்சா போதும். எந்த ஸ்கில் திரும்பத் திரும்ப வருது, எத்தனை வருஷ அனுபவம் கேட்கறாங்க, எந்த ஊர்னு ஒரு நோட்ல எழுதுங்க. ஊரைக் கவனிச்சுப் பாருங்க. சென்னை மட்டும் உலகம் இல்லை. ஓசூர்ல எலக்ட்ரானிக்ஸ், கோயம்புத்தூர்ல பம்பு, இன்ஜினியரிங், தூத்துக்குடியில 2025 ஆகஸ்ட்ல திறந்த வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலைன்னு வேலை பரவிக் கிடக்கு.

ரெண்டு, அந்த வேலையில ரெண்டு மூணு வருஷம் இருக்கிற ஒரு சீனியர்கிட்ட பேசுங்க. "நல்லா இருக்கா?"ன்னு கேட்காதீங்க. "நேத்து காலையிலிருந்து என்னென்ன பண்ணீங்க?"ன்னு கேளுங்க. அப்புறம், "உங்க டீமை விட்டுட்டுப் போனவங்க இப்போ எங்க இருக்காங்க?"ன்னு கேளுங்க. மூணாவது கேள்விக்கான பதில் அங்க இருக்கு.

மூணு, சம்பளக் கணக்கு. 4 லட்சம் சிடிசின்னா மாசம் 33,000 கைக்கு வரும்னு நினைக்காதீங்க. கம்பெனி கட்டற பிஎஃப், கிராஜுவிட்டி, சில இடத்துல வேரியபிள் பே எல்லாம் அந்த 4 லட்சத்துக்குள்ளயே இருக்கும். உங்க பங்கு பிஎஃப் வேற பிடிப்பாங்க. ஆஃபர் லெட்டர் வந்ததும் "கைக்கு எவ்வளவு வரும்?"னு ஹெச்ஆர்கிட்ட நேரா கேளுங்க, அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

நாலு, வாசல் கிடைக்கலைன்னா பக்கவாட்டு வழி இருக்கு. அப்ரண்டிஸ் சட்டப்படி டிகிரி, டிப்ளமோ முடிச்சவங்க ஒரு வருஷம் ஸ்டைபண்டோட கம்பெனியில பயிற்சி எடுக்கலாம், நாட்ஸ் தளத்துல பதிவு பண்ணணும். முடிச்சதும் வேலை நிச்சயம்னு சட்டம் சொல்லலை. ஆனா "அனுபவம் இருக்கா?"ங்கிற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும். 2022-ல ஆரம்பிச்ச நான் முதல்வன் திட்டத்துல உங்க காலேஜுக்கு என்ன பயிற்சி இருக்குன்னும் பாருங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. வேலைக்காக யாருக்கும் பணம் கட்டாதீங்க, "ரெஜிஸ்ட்ரேஷன்", "டிரெய்னிங் டெபாசிட்"னு எந்தப் பேர்ல கேட்டாலும் சரி. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துட்டு வரக் கூடாது.

இந்த மூணு கேள்வியையும் உங்க மனசுல இருக்கிற வேலைக்குப் போட்டுப் பாருங்க. எதுல பதில் வராம நிக்குதோ, அதை அப்படியே எங்களுக்கு எழுதி அனுப்புங்க. படிச்சது என்ன, ஊர் எது, வீட்டுல கடன் இருக்கா, இதையும் சேர்த்து எழுதினா பொதுவா இல்லாம உங்களுக்குன்னு பதில் சொல்ல முடியும். அடுத்த எபிசோட்ல அந்தக் கேள்விகளோட வர்றேன்.