தோற்றவரும் பணம் கட்டும் ஏலம்

ஏலம் என்னும் சொல் நமது அங்கத்தினர்களுக்குப் புதியதன்று. கண்மாயில் மீன்பாசி குத்தகைக்கு விடப்படும்போதும், கரையிலுள்ள கருவேல மரங்களுக்கு விலை கூறப்படும்போதும், பருத்தியும் மிளகாய் வற்றலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மறைமுக ஏலத்துக்கு வரும்போதும் அதன் நடைமுறையை நாம் நேரில் கண்டிருக்கிறோம். குத்தகை ஏலத்தில் கலந்துகொள்ள விரும்புவோர் டேவணித் தொகை கட்டுகின்றனர். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூறி முடிந்ததும் எவர் பேரில் ஏலம் ஊர்ஜிதமாகிறதோ, அவர் மட்டுமே பணத்துக்குப் பொறுப்பாளியாகிறார். மற்றவர்கள் டேவணியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு செல்கின்றனர். கேட்டுத் தோற்றவரிடம் ஒரு காசும் பிடிப்பதில்லை. இந்த ஒரு விதி இல்லையேல் அதற்கு ஏலம் என்று பெயரிடுவதே தகாது என்பது நமது அபிப்பிராயம்.

ஆயினும் இவ்விதியைத் தலைகீழாகப் புரட்டிய ஏலம் ஒன்று இணையத்தில் உண்டு. மேனாட்டார் அதனைக் காசு ஏலம் என்பர். விலையுயர்ந்த கைபேசி ஒன்றின் படம் காட்டப்படும். விலை பூஜ்யத்தில் தொடங்கும். ஒவ்வொரு கேள்விக்கும் விலை சிறிது ஏறும். கடிகாரமும் சில விநாடிகள் நீளும். இனிக் கேட்பாரில்லை என்று கடிகாரம் நிற்கும்போது, கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள் உரியதாகும். இதுவரை குற்றமொன்றும் இல்லை போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை கேட்பதற்கும் தனியே ஒரு கட்டணம் உண்டு. தோற்றாலும் அது திரும்பி வாராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைபேசியின் மதிப்பு 20,000 ரூபாய் என்றும், ஒரு கேள்விக்குக் கட்டணம் 40 ரூபாய் என்றும், ஒவ்வொரு கேள்விக்கும் விலை 1 ரூபாய் ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பொருள் 600 ரூபாய்க்கு முடிந்தது என்று விளம்பரம் செய்கிறார்கள். அப்படியானால் 600 கேள்விகள் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? கேள்விக் கட்டணம் மாத்திரம் 24,000 ரூபாய். அதனுடன் 600 சேர்ந்து நடத்தியவர் கைக்குப் போனது 24,600 ரூபாய். வென்றவர் தாமே 100 முறை கேட்டிருந்தால் அவர் கொடுத்தது 4,600. எஞ்சிய 20,000 ரூபாயும் வெறுங்கையோடு போனவர்களுடையது. அதாவது கைபேசியின் முழு விலையையும் தோற்றவர்களே கொடுத்துவிட்டார்கள். வென்றவர் கொடுத்தது நடத்தியவருக்கு லாபம்!

2005-ம் ஆண்டு ஜெர்மனியில் டெலிபிட் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ஸ்வூப்போ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் இம்முறையைப் பல நாடுகளில் பரப்பிற்று. 2011-ல் அது மூடப்பட்டது. ஆனால் அதற்குள் அதைப் பின்பற்றிப் பலர் தோன்றிவிட்டனர். நிபந்தனைகளை வெளிப்படையாகக் கூறிவிட்டு நடத்துவோரை ஏமாற்றுக்காரர் என்று கூறிவிட முடியாது. அது சூதாட்டத்தை ஒத்த வியாபாரம், அவ்வளவே. நாம் இங்கு எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. ஒரு கேள்வியும் கேளாமல், சேர்ந்த மாத்திரத்திலேயே கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்படுவதைப் பற்றியது அது.

அமெரிக்காவில் இது வழக்காகவே நடந்தது. 2011 மே மாதத்தில் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன், கனடாவைச் சேர்ந்த ஜெஸ்ஸி வில்ம்ஸ் என்பவர் மீதும் அவருடைய நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. உடல் மெலிய மருந்து, பல் வெளுக்கும் மருந்து என்று பலவற்றை ‘இலவசமாகச் சோதித்துப் பாருங்கள்’ என விளம்பரம் செய்து பின்னர் அட்டையிலிருந்து பணம் பிடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவற்றோடு ஸ்வைப்பிட்ஸ் என்ற காசு ஏலத் தளமும் இருந்தது. அதில் சேர்ந்தவர்களிடம் அறிமுகக் கேள்விகளுக்காக 150 டாலரும், அதன்பின் மாதந்தோறும் 11.95 டாலரும் பிடிக்கப்பட்டன என்றும், இக்கட்டணங்கள் தெளிவாகக் கூறப்படவில்லை என்றும் கமிஷன் கூறிற்று. ஐந்து நாடுகளில் இவ்வாறு எல்லா வழியிலுமாகத் திரண்ட பணம் 45 கோடி டாலருக்கு மேல். 2012 பிப்ரவரியில் ஏற்பட்ட சமரசத் தீர்ப்பில் 35 கோடியே 90 லட்சம் டாலர் விதிக்கப்பட்டது. அவருடைய சொத்துக்களை ஒப்படைக்கும் நிபந்தனையின் பேரில் அதன் பெரும்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே பணம் கொடுத்தோர் அனைவருக்கும் முழுத்தொகையும் திரும்பிவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம்.

அவ்வழக்கில் நமக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பணம் பறிகொடுத்தவர்கள் தத்தம் பாங்குகளுக்கு மறுப்பு எழுதிக்கொண்டே இருந்தனர். அட்டை மூலம் கொடுத்த பணத்தை இவ்வாறு பாங்கின் வழியே திருப்பி வாங்குவதைச் சார்ஜ்பேக் என்று வழங்குகிறார்கள். ஒரு வியாபாரியின் பேரில் மறுப்புகள் அளவுக்கு மிஞ்சினால், அட்டைப் பணம் வாங்கும் வசதியையே பாங்குகள் அவரிடமிருந்து பறித்துவிடும். அவ்வாறு ஆகாதிருக்கும் பொருட்டு இந்நிறுவனங்கள் பாங்குகளுக்குப் பொய்யான விவரங்களைக் கொடுத்தன என்பதும் கமிஷனின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஒரு தனி மனிதர் எழுதும் அரைப்பக்க மறுப்பைக் கண்டு கோடிக்கணக்கில் புரளும் வியாபாரம் அஞ்சிற்று என்றால், ‘போனது போகட்டும்’ என்று வாளாவிருப்பவர் எத்தகைய ஆயுதத்தைக் கீழே போடுகிறார் என்பது விளங்கும்.

நிற்க. இது நம் பக்கத்தில் எவ்வாறு நேரக்கூடும் என்பதைப் பார்ப்போம். விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் ஆமத்தூரில் அங்கத்தினர் ஒருவரின் வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தை மானாவாரியில் பருத்தி போடுகிறார். மகள் பட்டாசு ஆலைக்குப் போகிறாள். மகன் கல்லூரியில் வாசிக்கிறான். ஏ.டி.எம். அட்டை தந்தையின் பேரில். கைபேசி மகன் கையில். ‘1 ரூபாய் கட்டி ஏலத்தில் சேருங்கள்’ என்ற விளம்பரத்தைக் கண்டு அட்டை எண்ணையும் ஓ.டி.பி. எண்ணையும் அவன் கொடுத்துவிடுகிறான். மறுநாள் 1,499 ரூபாய் பற்று எழுதப்படுகிறது. அடுத்த மாதம் 499 ரூபாய். முதலாவது தொகை மகளுடைய பல நாள் கூலி. தந்தை பையனைக் கடிந்துகொள்கிறார். பிறகு, நாமேதானே கொடுத்தோம், யாரிடம் சொல்வது என்று பேசாதிருந்துவிடுகிறார். அவ்வாறு இருந்துவிட வேண்டியதில்லை என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

முதலில் ஒரு வித்தியாசத்தை மனத்தில் இருத்த வேண்டும். நமது சம்மதமே இல்லாமல் எடுக்கப்பட்ட பணம் ஒரு வகை. நமது சம்மதத்தை வஞ்சித்து வாங்கி எடுத்த பணம் மற்றொரு வகை. முதல் வகைக்கு ரிசர்வ் பாங்கு 2017 ஜூலையில் விதி வகுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவு பாங்குகளுக்கும் அதே முறையை விதித்தது. மூன்றாந்தரப்பினர் செய்த மோசடியை, பாங்கிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கைக்காரருக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் நஷ்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும்; 90 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். வாடிக்கைக்காரரே பொறுப்பாளி என்று பாங்கு கூறுமானால் அதை நிரூபிப்பது பாங்கின் கடமை. இவ்விதியின் உயிர் முதல் மூன்று நாட்களில் இருக்கிறது. ஆகவே குறுஞ்செய்தியைப் படிக்காமல் விடும் வழக்கத்தை வீட்டிலுள்ளோர் அனைவரும் விட்டொழிக்க வேண்டும்.

நமது எடுத்துக்காட்டில் மகனே ஓ.டி.பி. கொடுத்திருக்கிறான். எனவே முதல் தொகையைப் பொறுத்தவரை, ‘நீங்களே அனுமதித்தது’ என்று பாங்கு கூறக்கூடும். அங்கேதான் பலர் திரும்பிவிடுகின்றனர். 1 ரூபாய்க்கு அளித்த அனுமதி 1,499 ரூபாய்க்கு அளித்த அனுமதி ஆகாது என்று எழுத்தில் கூறி, சார்ஜ்பேக் கோர வேண்டும். அட்டை ரூபேயா, விசாவா, மாஸ்டர்கார்டா என்பதைப் பொறுத்துக் கெடுவும் நிபந்தனையும் வேறுபடுமாதலால், அதே வாரத்தில் கொடுத்துவிடுவது நலம். இரண்டாவதாகப் பிடித்த 499 ரூபாய்க்கு நமது பக்கம் இன்னும் வலுவுண்டு. 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, மாதந்தோறும் தானே பிடிக்கப்படும் தொகைக்கு முன்கூட்டிப் பதிவு வேண்டும். ஒவ்வொரு முறையும் பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னதாக அறிவிப்பும் வர வேண்டும். வந்ததா என்று பாங்கைக் கேட்கலாம். யு.பி.ஐ. மூலம் ஆட்டோபே கொடுத்திருந்தால், அதே செயலியில் அதனை ரத்துச் செய்யவும் இடமுண்டு. ரத்தை முதலில் செய்துவிட்டுப் பின்னர் கடிதம் எழுதுக.

கடிதத்தில் கோபமும் புலம்பலும் வேண்டியதில்லை. கீழ்க்கண்ட மாதிரி போதுமானது:

‘மேலாளர் அவர்களுக்கு: எனது சேமிப்புக் கணக்கிலிருந்து இன்ன தேதியில் இன்ன ஏலத் தளத்துக்கு ரூ. 1,499 பற்று எழுதப்பட்டுள்ளது. நான் அனுமதித்தது ரூ. 1 மட்டுமே. மீதித் தொகை பற்றித் தளத்தில் தெளிவாகக் கூறப்படவில்லை. நான் எந்த ஏலத்திலும் கலந்துகொள்ளவில்லை; எந்தப் பொருளையும் பெறவில்லை. இத்தொகையை நான் மறுக்கிறேன். சார்ஜ்பேக் நடவடிக்கை எடுத்து அதன் எண்ணை எனக்குத் தெரிவிக்கவும். இனி இத்தளத்துக்கு எத்தொகையும் கொடுக்கலாகாது. தளத்தின் படமும் குறுஞ்செய்தியின் நகலும் இணைத்துள்ளேன்.’

இதில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பாங்கின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் கூறிவிட்டு வந்ததற்குச் சாட்சி இல்லை. அஞ்சலில் அனுப்புவோர் விரைவு அஞ்சலில் அனுப்புக. நாம் பழகிய பதிவுத் தபால் 2025-ல் அதனுடன் இணைக்கப்பட்டுவிட்டது. பாங்கு தவிர, தளத்தை நடத்துவோருக்கும் ஒரு கடிதம் வேண்டும். 2020-ம் ஆண்டு இணைய வணிக விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே குறியிட்டு வைத்து அதனையே வாங்குவோரின் சம்மதமாகக் கொள்வதும் அவ்விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய தந்திரங்கள் 13-ஐப் பெயர் சொல்லித் தடை செய்தது. சந்தாவில் சிக்கவைத்து வெளியேற வழி மறைப்பதும், விலையின் ஒரு பகுதியைக் கடைசி வரை ஒளித்து வைப்பதும், ‘இன்னும் ஒரு நிமிஷமே உள்ளது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அவற்றுள் அடங்கும். கடிதத்தில் இவ்வாணையைக் குறிப்பிடுவது பயன் தரும்.

தளமே போலி என்று தெரிந்தால் கடிதம் எழுதிக் காத்திருப்பது வீண். உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கை மாறிப் போவதற்குள் அதனைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே ஏற்பட்டது அது. இதில் நம் வட்டாரத்துக்குத் தனிப் பொறுப்பும் உண்டு. தீபாவளி நெருங்கினால் சிவகாசிப் பட்டாசு என்று விளம்பரம் செய்து பணம் வாங்கி மறைந்துவிடும் தளங்கள் தோன்றுகின்றன. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்குவதைத் தடை செய்தது. வெளியூர் உறவினர் எவரேனும் ‘உங்கள் ஊர்ச் சரக்கு பாதி விலைக்கு வருகிறதே’ என்று கேட்டால் இதனைச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெண்மக்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் சரக்கின் பெயரால் வேறு எவரோ பணம் பறிப்பது நமக்குப் பொறுக்கத்தக்கதன்று.

விற்பவர்களும் எச்சரிக்கையாக இருத்தல் அவசியம். அருப்புக்கோட்டை நெசவாளியிடம் ‘உங்கள் சேலையை இணைய ஏலத்தில் ஏற்றுகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று அழைப்பு வரலாம். மிளகாய் விவசாயிக்கும் வரலாம். 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கப்பட்ட இ-நாம் என்னும் மத்திய அரசின் இணைய வேளாண் சந்தையில் விவசாயி பதிவு செய்துகொள்ளக் கட்டணம் கிடையாது. விளைபொருளை ஏலத்தில் ஏற்ற முன்பணம் கேட்கும் அந்நியரிடம் இதனைக் கூறிப் பாருங்கள்.

பாங்கும் தளமும் செவிசாய்க்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. 2019-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, தளம் எந்த ஊரில் பதிவாகியிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். தளத்தை நடத்துவோர் அயல்நாட்டினராயின் உத்தரவு வாங்கியும் வசூலிப்பது கடினம். ஆதலால் அத்தகையவற்றில் பாங்கு வழியையே முதலில் நாடுவது உசிதம் என்று நாம் கருதுகிறோம். மனுவுக்கு இரண்டு ஆண்டு கெடு உண்டு. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. பாஸ்புத்தகத்தில் பற்று எழுதிய பக்கத்தின் நகல், குறுஞ்செய்தி, தளத்தின் படம், பாங்கு முத்திரையிட்ட கடிதப் பிரதி, அஞ்சல் ரசீது ஆகிய ஐந்தும் மனுவுடன் இணைக்கப்பட வேண்டும். இணையத்தின் மூலமாகவும் மனுவை அனுப்பலாம்.