வாசகர் பக்கத்தில் பிறந்த மான்ஸ்டர்கள்: இப்போது யாருக்குச் சொந்தம்?

'பால்டர்ஸ் கேட் 3' விளையாடியவர்களுக்கு லேசெல்லைத் தெரியாமல் இருக்காது. மஞ்சளும் பச்சையும் கலந்த தோல், தட்டை மூக்கு, எதற்கெடுத்தாலும் வாளை உருவும் கோபம். பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட இந்த கேம், அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் தட்டிச் சென்றது. அதில் லேசெல் 'கித்யாங்கி' என்ற இனத்தைச் சேர்ந்தவள்.

அந்த இனத்தை உருவாக்கியது எந்த கேம் கம்பெனியின் டிசைனரும் அல்ல. 1970-களின் இறுதியில், பள்ளி வயதில் இருந்த ஒரு பிரிட்டிஷ் பையன் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியது அது.

முதலில், இது என்ன விளையாட்டு?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பசங்க நாலு பேர் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, அதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமாக டி அண்ட் டி. டெமோகார்கன், வெக்னா என்ற பெயர்களையெல்லாம் அந்தத் தொடர் இங்கிருந்துதான் எடுத்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி, 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு.

எளிமையாகச் சொன்னால், ஒருவர் கதையை நடத்துவார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'கதவைத் திறக்கிறேன்', 'அம்பு விடுகிறேன்' என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

இதில் ஒரு சிக்கல். 1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் 350-க்கும் மேற்பட்ட மான்ஸ்டர்கள் உண்டு. ஆனால், அந்தப் புத்தகத்தை விளையாடுபவர்களும் வாங்கிப் படித்துவிடுவார்களே! 'டிரோல்' எதிரே வந்தால் உடனே தீப்பந்தத்தைத் தேடுவார்கள். நெருப்பு பட்டால் அதன் காயம் ஆறாது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பயம் போய்விட்டால் ஆட்டத்தில் என்ன இருக்கிறது? எனவே டன்ஜன் மாஸ்டர்களுக்குப் புதுசு புதுசாக மான்ஸ்டர்கள் தேவைப்பட்டன. இணையம் இல்லாத காலம். அந்தத் தேவையைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன.

மான்ஸ்டர் தொழிற்சாலை

அமெரிக்காவில் டிஎஸ்ஆர் நடத்திய 'டிராகன்' 1976-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டே லண்டனில் இயான் லிவிங்ஸ்டனை ஆசிரியராகக் கொண்டு 'ஒயிட் டுவார்ஃப்' வந்தது. அதை வெளியிட்டது கேம்ஸ் ஒர்க்‌ஷாப். 1978-ல் அதில் 'ஃபீன்ட் ஃபேக்டரி' என்ற பகுதி தொடங்கியது. வாசகர்கள் அனுப்பும் மான்ஸ்டர்களைத் தேர்ந்தெடுத்து வெளியிடும் பக்கம் அது. அதைக் கவனித்துக்கொண்டவர் டான் டர்ன்புல்.

டர்ன்புல் மான்ஸ்டர்களை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர் இல்லை. ஒயிட் டுவார்ஃபின் முதல் இதழிலேயே 'மான்ஸ்டர்மார்க்' என்று ஒரு கணக்கை அறிமுகப்படுத்தியவர். சராசரி பலமுள்ள போர்வீரன் ஒரு மான்ஸ்டரைக் கொன்று முடிப்பதற்குள், அது அவனுக்கு எவ்வளவு சேதம் செய்யும் என்பதை எண்ணாகச் சொல்லும் ஃபார்முலா. வார இறுதியில் பகடை உருட்டுவதற்கு இது கொஞ்சம் ஓவர்தான். ஆனால், ரசிகர்கள் இதையெல்லாம் எவ்வளவு சீரியஸாகப் பேசினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எண்ணில் அடங்காத விஷயமும் ஒன்று இருந்தது. கித்யாங்கியை அனுப்பியவர் சார்லஸ் ஸ்ட்ராஸ். பின்னாளில் ஹியூகோ விருது பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். பெயரை மட்டும் அவர் ஒரு நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார். 1977-ல் வந்த அந்த நாவலை எழுதியவர், பிற்பாடு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையைத் தந்த ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின். மனித மூளையைத் தின்னும் மைண்ட் ஃப்ளேயர்களிடம் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்து, ஒருநாள் கிளர்ச்சி செய்து தப்பிய இனம் கித்யாங்கி. இப்போதும் பழைய எஜமானர்களை வேட்டையாடுகிறது. பற்களும் நகங்களும் எல்லா மான்ஸ்டருக்கும் இருக்கும். இதற்கு ஒரு வரலாறும், ஆறாத பகையும் இருந்தது. 1979-ல் அச்சான அந்த யோசனை 2023 வரை தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

எல்லாமே இப்படி ஹிட் ஆகிவிடவில்லை. 'ஃப்ளம்ஃப்' என்று ஒன்று உண்டு. காற்றில் மிதக்கும் ஜெல்லிமீன் மாதிரியான, நல்ல மனசுள்ள உயிரினம். கவிழ்த்துப் போட்டுவிட்டால், பாவம், அதனால் ஒன்றுமே செய்ய முடியாது! பல வருடம் கேலிக்கு ஆளான ஃப்ளம்ஃப், கடைசியில் அந்தக் கேலியாலேயே செல்லப்பிள்ளையாகி 2014 மான்ஸ்டர் மேனுவலில் இடம்பிடித்துவிட்டது.

'சரியில்லை' என்றவர் யார்?

இந்த வாசகர் மான்ஸ்டர்கள் பலவற்றைத் தொகுத்து, டர்ன்புல்லையே தொகுப்பாசிரியராகக் கொண்டு 1981-ல் 'ஃபீன்ட் ஃபோலியோ' என்ற அதிகாரபூர்வப் புத்தகத்தை டிஎஸ்ஆர் கொண்டுவந்தது. அட்டையில் கித்யாங்கி. அதே ஆண்டு நவம்பரில், டிஎஸ்ஆரின் சொந்தப் பத்திரிகையான டிராகனே அந்தப் புத்தகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. பல மான்ஸ்டர்களின் விவரங்கள் அரைகுறையாக இருக்கின்றன என்று வரிசையாகக் குறை சொன்ன கட்டுரை ஒருபுறம். அதே இதழில் டர்ன்புல்லின் பதில் மறுபுறம். இன்றைக்கு ஒரு நிறுவனம் தன் தயாரிப்பைத் தன் பத்திரிகையிலேயே இப்படித் திட்ட விடுமா என்பது சந்தேகம்தான்.

அந்த விமர்சனத்தை எழுதியவரும் ஒரு வாசகர்தான். கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட். 1979-ல் டிராகனில் வெளியான அவருடைய முதல் படைப்பும் ஒரு மான்ஸ்டரே. சிறுவயதிலிருந்தே அவர் மனதில் கட்டிவந்த கற்பனை உலகம், 1987-ல் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற பெயரில் டிஎஸ்ஆர் வெளியீடாக வந்தது. பால்டர்ஸ் கேட் நகரம் இருப்பது அந்த உலகத்தில்தான். ஆக, லேசெல்லின் இனமும் அவள் நடமாடும் மண்ணும் பத்திரிகைக்கு எழுதிப்போட்ட இரண்டு ரசிகர்களிடமிருந்து வந்தவை.

சரி, சொந்தக்காரர் யார்?

டிஎஸ்ஆரை 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. அதை 1999-ல் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000-ல் விசார்ட்ஸ், 'விளையாட்டின் அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்திப் புத்தகம் போடலாம்' என்று திறந்த உரிமம் ஒன்றைக் கொடுத்தது. ஆனால், சில பெயர்களைத் தொடக்கூடாது, அவை நிறுவனத்தின் தனி அடையாளம் என்றும் பட்டியல் போட்டது. மைண்ட் ஃப்ளேயர் அதில் உண்டு. வாசகர் ஒருவர் அனுப்பிய கித்யாங்கியும் உண்டு.

2023 ஜனவரியில் இந்த உரிமத்தின் புதிய வரைவு வெளியே கசிந்தது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டும் வெளியீட்டாளர்கள் ராயல்டி கட்ட வேண்டும் என்ற நிபந்தனைதான் தலைப்புச் செய்தியானது. ரசிகர்களை அதிகம் சுட்டது இன்னொரு வரி. உரிமத்தின் கீழ் யார் எதை உருவாக்கினாலும், அதை நிறுவனம் காசு கொடுக்காமல், நிரந்தரமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது அது. அதாவது, அன்று வாசகர் பக்கத்தில் நடந்தது இனி சட்டமாகவே ஆகும். அன்று எழுதி அனுப்பியவருக்கு, தன் பெயர் அச்சில் வந்ததே பெரிய சந்தோஷம். 2023-ல் எழுதுபவர்களில் பலருக்கு இதுதான் வீட்டு வாடகை.

எதிர்ப்பு கடுமையானது. நிறுவனம் நடத்திய கருத்துக்கேட்பில் 15,000-க்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். அந்த மாதம் 27-ம் தேதி விசார்ட்ஸ் பின்வாங்கி, அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் விட்டது. அதை இனி திரும்பப் பெற முடியாது. கித்யாங்கி அந்தத் தொகுப்பில் இல்லை.

டிராகனும், சாகசக் கதைகளுக்காகவே 1986-ல் தொடங்கிய 'டன்ஜன்' இதழும் 2007-ல் அச்சை நிறுத்திவிட்டன. ஒயிட் டுவார்ஃப் இன்றும் வருகிறது, ஆனால் அது இப்போது வார்ஹாமர் பத்திரிகை. கித்யாங்கியை வைத்து ஒரு சாகசம் எழுதி விற்க ஆசைப்படும் ரசிகருக்கு இன்று இருக்கும் நேரான வழி, 2016-ல் விசார்ட்ஸ் ஒப்புதலோடு தொடங்கிய 'டிஎம்ஸ் கில்ட்' என்ற இணையச் சந்தை. விற்பனையில் 50 சதவீதம் எழுதியவருக்கு. அதையே வேறு எங்கும் கொண்டுபோய் விற்கக்கூடாது என்பது நிபந்தனை.