இரு நகரங்கள், ஏழு நாள்கள்

நுழையும்முன்

கல்வி, தொழில், சுற்றுலா எனப் பல காரணங்களால் அயல்நாட்டுப் பயணம் இன்று பெருகியுள்ளது. குறைந்த நாள்களில் நிறையக் காண விரும்புவோர் முன்திட்டமின்றிச் சென்றால் காலமும் பொருளும் வீணாகும். இத்தாலி நாட்டின் உரோம், வெனிஸ் ஆகிய இரு நகரங்களுக்கு ஒரு வாரப் பயணத்தைத் திட்டமிடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. காணச் செல்லும் ஊரிடத்தில் பயணிக்குள்ள கடமையையும் இது சுட்டுகிறது.

இருவேறு இயல்புகள்

உரோம் நிலத்தின் நகரம். வெனிஸ் நீரின் நகரம். டைபர் ஆற்றங்கரையில் ஏழு குன்றுகளின்மீது எழுந்தது உரோம். அங்கு மண்ணைத் தோண்டும் இடமெல்லாம் பழங்காலச் சின்னங்கள் வெளிப்படுகின்றன. சுரங்க இரயில் பாதை அமைக்கும் பணிகூட இதனாலேயே மெதுவாக நடைபெறுகிறது.

வெனிஸ், கடலையொட்டிய காயலில் 118 சிறு தீவுகளின்மேல் அமைந்துள்ளது. அத்தீவுகளை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. சேற்றில் நெருக்கமாக அறையப்பட்ட மரத்தூண்களே அதன் கட்டடங்களைத் தாங்குகின்றன. காற்றுப் புகாத சேற்றில் புதைந்திருப்பதால் அம்மரங்கள் எளிதில் மட்குவதில்லை. நகரின் உட்பகுதியில் மகிழுந்து ஓடாது. பேருந்து, ஆம்புலன்சு, குப்பை வண்டி ஆகியவற்றின் பணிகளைப் படகுகளே செய்கின்றன.

நாள்களைக் கணக்கிடுதல்

ஒரு வாரம் என்பதை ஏழு முழு நாள்களாகக் கருதுவது பலரும் செய்யும் பிழையாகும். வந்திறங்கும் நாளில் பயணக் களைப்பு மிகுந்திருக்கும். இத்தாலியின் நேரம் கோடையில் இந்திய நேரத்திற்கு மூன்றரை மணியும், குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியது. உடல் அதற்குப் பழகவேண்டும். புறப்படும் நாளும் முழுமையாகக் கிட்டாது. ஊர்விட்டு ஊர் செல்ல ஏறத்தாழ அரைநாள் கழியும். எனவே, காண்பதற்கென எஞ்சுபவை நாலரை நாள்களே.

அவற்றையும் இழக்காதிருக்க ஒரு வழி உண்டு. உரோமில் இறங்கி, வெனிஸிலிருந்தே நாடு திரும்புமாறு வானூர்திச் சீட்டைப் பதிவு செய்தல் வேண்டும். உரோமுக்கே மீண்டுவந்து புறப்பட எண்ணினால் மேலும் அரைநாளும் இரயில் கட்டணமும் செலவாகும்.

உரோமை முதலில் காண்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. மேலை உரோமப் பேரரசு தளர்ந்து வீழ்ந்த காலத்தில், படையெடுப்புகளுக்கு அஞ்சிய நிலப்பகுதி மக்கள் காயல் தீவுகளில் குடியேறினர். அக்குடியிருப்புகளே பின்னர் வெனிஸாக வளர்ந்தன. ஒன்றன் வீழ்ச்சியிலிருந்து மற்றொன்றின் எழுச்சி என்னும் வரிசையில் காணும்போது இரு நகரங்களும் தெளிவாக விளங்கும்.

ஆவணங்கள்

இத்தாலி, ஷெங்கன் உடன்படிக்கையில் இணைந்த நாடு. அதற்குரிய நுழைவிசைவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்னராவது விண்ணப்பித்தல் வேண்டும். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின்னும் 3 மாதங்கள் செல்லத்தக்கதாக இருக்கவேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தேவை.

நாள் வரிசை

முதல் நாள் ஓய்வுக்கும் விடுதிக்கு அருகில் உலவுவதற்கும் உரியது. இரண்டாம் நாள் கொலோசியம் அரங்கையும் அதனை அடுத்துள்ள பழைய மன்றத்தையும் காணலாம். கி.பி. 80இல் திறக்கப்பட்ட அவ்வரங்கில் ஏறத்தாழ 50,000 பேர் அமர முடிந்தது. குறித்த நேரத்திற்கே நுழைவுச்சீட்டு வழங்கப்படுவதால் முன்பதிவு இன்றியமையாதது.

மூன்றாம் நாள் வத்திக்கானுக்கு உரியது. அங்குள்ள அருங்காட்சியகம், மாதத்தின் இறுதி ஞாயிறு தவிர ஏனைய ஞாயிற்றுக்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். எனவே, மூன்றாம் நாள் ஞாயிறாக அமையாதவாறு பயணத்தைத் தொடங்கவேண்டும். தேவாலயங்களுக்குள் செல்வோர் தோளும் முழங்காலும் மறையுமாறு உடுத்தல் மரபு.

நான்காம் நாள் காலையில் பாந்தியன் கோவிலைக் காணலாம். 43 மீட்டர் விட்டமுடைய அதன் குவிமாடம், கம்பியின்றிக் கற்காரையால் எழுப்பப்பட்டு 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. பிற்பகலில் விரைவு இரயிலில் ஏறினால் ஏறத்தாழ 4 மணி நேரத்தில் வெனிஸை அடையலாம். இரயில் நிலைய வாயிலில் இறங்கியவுடன் எதிரே பெருங்கால்வாய் தோன்றும்.

ஐந்தாம் நாள் புனித மாற்கு பேராலயத்தையும், வெனிஸ் குடியரசின் தலைவர்கள் வாழ்ந்த அரண்மனையையும் காணலாம். ஆறாம் நாள், கண்ணாடித் தொழிலுக்குப் புகழ்பெற்ற முரானோ தீவுக்கும், வண்ண வீடுகள் நிறைந்த புரானோ தீவுக்கும் படகில் செல்லலாம். ஏழாம் நாள் காலையில் எவ்விடத்தையும் குறித்துக்கொள்ளாமல் நடப்பது நன்று. வழி தவறினாலும் அஞ்சவேண்டியதில்லை; முதன்மையான இடங்களுக்கு வழிகாட்டும் பலகைகள் சுவர்களில் உள்ளன.

பெட்டியும் பருவமும்

கொண்டுசெல்லும் பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது வெனிஸே. அங்குள்ள பாலங்கள் பெரும்பாலும் படிக்கட்டுகள் உடையவை. பெட்டியைத் தாமே தூக்கிப் படியேறவேண்டியிருப்பதால் சுமை சிறிதாக இருத்தல் வேண்டும். உரோமில் பொதுக் குடிநீர்க் குழாய்கள் தெருதோறும் உள்ளமையால் ஒரு குப்பியை மட்டும் எடுத்துச் சென்றால் போதும்.

இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வெனிஸில் கடல்நீர் உயர்ந்து தெருக்களில் புகுவதுண்டு. 2019 நவம்பரில் நீர்மட்டம் 187 செ.மீ. வரை உயர்ந்து பெருஞ்சேதம் விளைந்தது. அதன்பின், 78 இரும்புக் கதவுகளைக் கொண்ட கடல்தடுப்பு 2020 அக்டோபரில் முதன்முதலாக இயக்கப்பட்டது.

தெரியுமா?

பண்டைய உரோமுக்குத் தென்னிந்தியாவிலிருந்து மிளகு சென்றது. அதனைச் சேமிக்கவே உரோமில் தனிக் கிடங்குகள் இருந்தன. அவ்வணிகத்தின் சான்றாக உரோம நாணயங்கள் கோவை, கரூர்ப் பகுதிகளில் கிடைத்துள்ளன. இடைக்காலத்தில் ஐரோப்பாவின் மிளகு வணிகத்தில் வெனிஸ் முதன்மை பெற்றது. வெனிஸ் வானூர்தி நிலையத்திற்கு மார்க்கோ போலோவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர்.

ஊராரும் விருந்தினரும்

1951இல் வெனிஸின் பழைய நகரப் பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே சென்றது. வீடுகள் பயணியர் தங்கும் அறைகளாக மாறின, வாடகை உயர்ந்தது, அன்றாடப் பொருள் விற்ற கடைகள் நினைவுப்பொருள் கடைகளாயின. காலையில் வந்து மாலையில் திரும்புவோர், கூட்டத்தைப் பெருக்குமளவுக்கு ஊரின் வருவாயைப் பெருக்குவதில்லை. ஆதலால், 2024 முதல் குறிப்பிட்ட நாள்களில் பகல்நேரப் பயணியரிடம் நுழைவுக் கட்டணம் பெறப்படுகிறது.

இந்நிலையில் பயணியின் தேர்வுகள் பொருளுடையவை ஆகின்றன. சில மணி நேரம் மட்டும் கண்டு திரும்பாமல் மூன்று இரவுகள் தங்குதல், குடியிருப்பு வீட்டை விடுத்து முறையான விடுதியில் அறை எடுத்தல், முரானோவின் கைவினைஞரிடமே கண்ணாடிப் பொருள் வாங்குதல், குறுகிய பாலங்களில் வழிமறித்து நிற்காதிருத்தல் ஆகியன எளியவை. ஆயினும், அவை ஊரில் எஞ்சியிருப்போர்க்குத் துணைசெய்வன.

கற்களால் ஆன உரோமின் சின்னங்கள் மக்கள் நீங்கிய பின்னும் நின்றன. வெனிஸோ, நாள்தோறும் பழுதுபார்க்கும் கைகள் இருந்தாலன்றி நிலைக்காது. அந்நகரைக் காணச் செல்வோர் தம் திட்டத்தில் அங்கு வாழ்வோர்க்கும் இடமளித்தல் வேண்டும்.