ஒரு நேர உணவுக்குப் பிறகு: முதியோர் இல்லத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

வன்னியில் உள்ள முதியோர் இல்லங்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பல நாட்களில் ஒரு பெயர் இருக்கும். கனடாவில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள், சுவிஸில் யாரோ ஒருவரின் திருமண நாள், முள்ளிவாய்க்காலில் இறந்துபோன தம்பியின் நினைவு நாள். காசு வரும், சமையல் நடக்கும், பாயாசமும் இருக்கும். எடுத்த படம் வட்ஸ்அப்பில் போய்ச் சேரும். இந்த உதவியை யாரும் குறை சொல்ல முடியாது. பல இல்லங்களுக்கு அடுப்பு எரிவதே இதனால்தான்.

ஆனால் அந்தப் படத்தில் இரவு தெரிவதில்லை. இரவு இரண்டு மணிக்கு மலசலகூடம் போக எழும்பும் ஓர் அம்மா வழுக்கி விழுந்தால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? ஓர் இல்லம் பாதுகாப்பானதா என்பதை அறிய முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இங்கே ஏன் இது பெரிய விடயம்?

2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டிருந்தபோது, முதலில் வெளியே விடப்பட்டவர்களில் 60 வயதைக் கடந்தவர்களும் இருந்தார்கள். பொறுப்பேற்க உறவினர் இல்லாத பலர் முதியோர் இல்லங்களுக்குப் போனார்கள். பிள்ளைகள் இறந்தவர்கள், பிள்ளைகள் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், பிள்ளைகள் கடல் கடந்தவர்கள் என்று இன்றும் பலர் இல்லங்களில் இருக்கிறார்கள்.

இவர்களின் முதுமையும் வேறு மாதிரியானது. உடம்பில் எறிகணைச் சிதறல் இருக்கலாம். ஒரு கால் பொய்க்காலாக இருக்கலாம். வெடிச்சத்தத்தில் காது மந்தமாகியிருக்கலாம். நினைவு மங்கும் வயதில் பழைய பயம் திரும்பி வருவதும் உண்டு. தீபாவளி வெடிச்சத்தத்துக்குக் கட்டிலின் கீழ் போக முயல்பவரை ‘அடம் பிடிக்கிறார்’ என்று அதட்டுவதா, பக்கத்தில் இருந்து கையைப் பிடிப்பதா என்பதில்தான் பராமரிப்பின் தரம் இருக்கிறது.

எதைப் பார்க்க வேண்டும்?

கூட்டித் துடைத்த முற்றமும் புதுச் சேலையும் போதாது. மலசலகூடச் சுவரில் பிடிகம்பி இருக்கிறதா, நிலம் ஈரமாகக் கிடக்கிறதா, இரவில் அந்த வழியில் வெளிச்சம் எரிகிறதா என்று பாருங்கள். முதுமையில் இடுப்பு எலும்பு முறிந்த பலர் மீண்டும் பழையபடி நடப்பதில்லை.

படுக்கையில் கிடப்பவரின் முதுகையும் குதிக்காலையும் பார்க்கக் கேளுங்கள். புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கைப் புண் பெரும்பாலும் கவனக்குறைவின் அடையாளம். ஆள் பற்றாக்குறையின் அடையாளமாகவும் இருக்கலாம்.

கிளினிக் கொப்பியைக் கேளுங்கள். யாருக்கு எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். சீனி வருத்தக்காரருக்குத் தினமும் பாயாசம் கொடுப்பது அன்பு அல்ல. வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்க நினைவூட்ட ஆள் வேண்டும். தாகம் எடுப்பதே முதுமையில் குறைந்துவிடும்.

யாரையாவது கட்டிலோடோ கதிரையோடோ கட்டி வைத்திருந்தாலும், அறையைப் பூட்டி வைத்திருந்தாலும், ஏன் என்று கேளுங்கள். ‘விழாமல் இருக்க’ என்பது வழக்கமான பதில். கட்டுவதால் விழுவது நிற்பதில்லை. முகாமில் அடைபட்டிருந்த ஒருவருக்குப் பூட்டிய கதவு வெறும் கதவும் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனம் பதிவு செய்யப்பட வேண்டும். முறைப்பாடு இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமோ, முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ கொடுக்கலாம். சமையலறை, குடிநீர் பற்றியது என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம்.

ஆனால் சட்டம் தானாக வேலை செய்யாது. யாராவது முறைப்பாடு செய்ய வேண்டும். பிள்ளை வந்து போகும் ஒருவருக்காகப் பேச ஆள் இருக்கிறது. வருவதற்கு யாருமில்லாதவருக்காகப் பேசுவது யார்?

பணமும் சட்டமும் நிறைந்த நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. கொரோனா காலத்தில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பராமரிப்பு இல்லங்களுக்கு உறவினர் போவது நிறுத்தப்பட்டது. ஆளில்லாமல் தவித்த ஐந்து இல்லங்களுக்கு உதவிக்குப் போன இராணுவத்தினர் 2020 மே மாதம் கொடுத்த அறிக்கையில், உதவி கேட்டு நெடுநேரம் அழைத்தும் பதில் கிடைக்காதவர்கள், படுக்கைப் புண்கள், மாற்றப்படாத அணையாடைகள் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த ஐந்தில் ஒன்று, எங்கள் மக்கள் நெருக்கமாக வாழும் ஸ்காபரோவில் இருந்தது. பார்க்க வருவோர் நின்றபோது, உள்ளே நடந்தது வெளியே தெரியாமல் போனது.

நாம் செய்யக்கூடியது

இல்லம் நடத்துவோரைக் குற்றவாளிகளாகப் பார்க்க வேண்டியதில்லை. குறைந்த சம்பளத்தில் இரண்டு பேர் பத்துப் பேரின் வேலையைச் செய்யும் இடங்கள் உண்டு. அதனால்தான் உதவியின் திசை கொஞ்சம் மாற வேண்டும். அடுத்த நினைவு நாளுக்குக் காசு அனுப்பும் முன் இல்லத்துக்கு அழைத்து, ‘உங்களுக்கு இப்போது எது குறைவு?’ என்று கேளுங்கள். இரவுப் பராமரிப்பாளர் ஒருவரின் மாதச் சம்பளம், பெரியவர்களுக்கான அணையாடை, மலசலகூடத்துக்குப் பிடிகம்பி என்று பதில் வரலாம். படத்தில் அழகாக இருக்காது. ஆனால் ஓர் உயிரைக் காக்கும்.

ஊரில் இருப்பவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பின்னேரம் போய் வாருங்கள். உங்கள் உறவினரைப் பார்த்து முடிந்ததும், பார்க்க யாரும் வராத பக்கத்துக் கட்டில்காரரிடமும், ‘ஐயா, இரவு நித்திரை வந்ததா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள்.