தாங்க முடியாத அளவு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். அநியாயமாக ஒரு சட்டம் போட்டால் அதுவும் சட்டம்தானா என்று கேட்டீர்கள். தத்துவம் பிறகு வரட்டும், முதலில் ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

1944, ஜெர்மனி. போர்ப்படையிலிருந்து விடுப்பில் வந்த ஒருவர் வீட்டில் ஹிட்லரைத் திட்டினார். அவரைத் தொலைத்துவிடக் காத்திருந்த மனைவி போய்ப் புகார் கொடுத்தாள். நாஜி சட்டப்படி அந்தப் பேச்சு குற்றம். மரண தண்டனை விதித்து, பிறகு அதை நிறைவேற்றாமல் போர்முனைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும், ஒருவருடைய சுதந்திரத்தைச் சட்டவிரோதமாகப் பறித்தாள் என்று அவள்மேல் வழக்கு. அன்றைய சட்டப்படிதானே எல்லாம் நடந்தது என்பது அவள் வாதம். லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை. ஆனாலும் 1949இல் பாம்பெர்க் மேல்நீதிமன்றம் அவள் செய்தது குற்றமே என்றது.

இந்த மாதிரிச் சிக்கலுக்குத்தான் குஸ்தாவ் ராட்புருக் 1946இல் ஒரு கட்டுரை எழுதினார். ஹிட்லருக்கு முன்பு நீதி அமைச்சராக இருந்தவர். 1933இல் நாஜிகள் அவருடைய பேராசிரியர் வேலையைப் பறித்தார்கள். அப்படிப்பட்டவர் எடுத்த எடுப்பில் கெட்ட சட்டம் செல்லாது என்று சொல்லிவிடவில்லை. எனக்குப் பிடித்த இடம் அதுதான். சட்டம் நிலையாக இருப்பதே ஒரு நியாயம். ஆளுக்கொரு மனசாட்சிப்படி தீர்ப்பு எழுதினால் ஊர் தாங்காது. ஆகவே கொஞ்சம் அநியாயமான சட்டமும் சட்டம்தான். அநியாயம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் மட்டும் சட்டம் நீதிக்கு வழிவிட வேண்டும். மனிதர்கள் சமம் என்பதையே வேண்டுமென்று மறுத்து எழுதியதென்றால், அது தொடக்கத்திலிருந்தே சட்டமில்லை.

அந்த அளவை யார் அளப்பது? ஆக்ஸ்ஃபோர்டின் ஹெச்.எல்.ஏ. ஹார்ட் 1958இல் வேறு வழி காட்டினார். அந்த நாஜி சட்டம் சட்டமாகத்தான் இருந்தது, ஆனால் கீழ்ப்படியத் தகாத அளவுக்குக் கொடியது என்று ஒப்புக்கொள்ளுங்கள். அந்த மனைவியைத் தண்டித்தே தீரவேண்டுமென்றால் முன்தேதியிட்டு ஒரு சட்டம் போடுங்கள், அதுவும் ஒரு தப்புதான் என்பதை மறைக்காதீர்கள் என்றார். அமெரிக்கர் லான் ஃபுல்லர் இதை ஏற்கவில்லை. ரகசியச் சட்டங்களும் நினைத்தபடி வளைக்கும் நீதிமன்றங்களும் கொண்ட ஆட்சியில் சட்டம் என்ற அமைப்பே மிச்சமில்லை என்பது அவர் கட்சி. நேர்மை என்று பார்த்தால் என் ஓட்டு ஹார்ட்டுக்கு. ஆனால் நீதிபதியால் சட்டம் போட முடியாதே! தன் முன்னால் நிற்கும் வழக்கை அன்றைக்கே முடிக்க வேண்டியவருக்கு ராட்புருக் சொன்னதுதான் கைகொடுக்கிறது.

கைகொடுக்கவும் செய்தது. 1984இல் பெர்லின் சுவரில் ஏணி வைத்து ஏறிய ஓர் இளைஞரை எல்லைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். கிழக்கு ஜெர்மனியின் எல்லைச் சட்டம் அனுமதித்ததைத்தான் செய்தோம் என்றார்கள். நிராயுதபாணியைக் கொல்ல அனுமதிக்கும் சட்டம் உங்களைக் காக்காது என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 1992இல், ராட்புருக்கைத் துணைக்கழைத்து, அவர்களிடம் சொன்னது. நான்கு ஆண்டுகள் கழித்து அரசியல் சாசன நீதிமன்றமும் இந்த வழியை ஏற்றது. துப்பாக்கி பிடித்த அந்தப் பையன்களின் சிறைத்தண்டனையை நிறுத்திவைத்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஹைன்ஸ் கெஸ்லருக்கு ஏழரை ஆண்டு.