மட்டைக்குள் ஓடும் ரேகை

டப்ளினில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிற வாசகி ஒருவர், ‘ஹர்லிங் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான், அது ஹாக்கி மாதிரிதானே?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். இல்லை அம்மா. இதில் பந்தைக் கையால் பிடிக்கலாம், அந்தரத்திலேயே விளாசலாம், மட்டை நுனியில் ஏந்திக்கொண்டு ஓடலாம். கையில் வைத்துக்கொண்டு மட்டும் நாலு எட்டுக்கு மேல் போகக் கூடாது. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. கீழே வலைக்குள் விழுந்தால் மூன்று, பச்சைக் கொடி. இது போதும், 82,300 பேர் கொள்ளும் குரோக் பார்க் அரங்கில் உட்கார்ந்து தாராளமாகக் கத்தலாம். எதிரணி ரசிகர் பக்கத்திலேயே இருப்பார். தனி அடைப்பெல்லாம் கிடையாது.

எனக்கு மோகம் அந்த மட்டையின் மேல்தான். ஆஷ் மரத்தில் செய்வது. முழு மரமும் உதவாது. தண்டு வேராகப் பிரியும் அடிப்பகுதியில் நாலடிச் சொச்சம்தான் தேறும். அங்கே மரத்தின் நார் தானே வளைந்து வேருக்குள் இறங்குகிறது. அந்த வளைவை ஒட்டியே மட்டையின் அகன்ற நுனியை இழைக்கிறார்கள். நேர்ப்பலகையில் வளைவை அறுத்தெடுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். இரண்டு மட்டைகள் ஓங்கி மோதினால் பிளந்துவிடும். எங்கள் ஊர் ஆசாரி கலப்பைக்காகத் தானாக வளைந்த கருவேலமாகத் தேடி அலைந்ததும் இந்தக் கணக்கில்தான்.

அந்த மரத்துக்குத்தான் இப்போது ஆபத்து. 2012-ல் அயர்லாந்தின் லீட்ரிம் மாவட்டத்தில், ஐரோப்பாவிலிருந்து வாங்கி நட்ட கன்றுகளில் ஒரு பூஞ்சை நோய் தென்பட்டது. இன்று நாடெங்கும் ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. போலந்தில் 1990-களின் தொடக்கத்திலேயே தலைகாட்டிய நோய் இது. தயாராக இருபது வருஷம் இருந்தது. வேலியோரத்தில் தானே முளைக்கிற மரத்துக்கு வெளியூர்க் கன்று எதற்கு? இறக்குமதி நின்றபோது பூஞ்சை உள்ளே வந்து குடியேறியாகிவிட்டது. நோய் எதிர்க்கும் மரங்களை இப்போது தேடுகிறார்கள். கிடைத்தாலும் மட்டைக்குத் தேற 25, 30 வருஷம் ஆகும்.

அதுவரை மூங்கில் மட்டைகளும் களத்தில் இறங்கியிருக்கின்றன. மோசமில்லை. ஆஷ் மட்டையே வேண்டுமென்றால் கடையில் ரேகையைப் பார்த்து வாங்குங்கள். கைப்பிடியிலிருந்து இறங்கும் கோடுகள் நுனியின் வளைவோடு தாமும் திரும்ப வேண்டும். நேராகப் போய் விளிம்பில் முட்டி நின்றால், சுவரில் மாட்டத்தான் ஆகும்.