நறுமணமும் நஞ்சும்

மருந்து ஒன்றேயாயினும் அதனைத் தேனில் குழைத்து உண்பதற்கும் வெந்நீரில் கலந்து உண்பதற்கும் பயன் வேறுபடும் என்பது சித்த மருத்துவம் உணர்ந்த உண்மை. மருந்தோடு சேரும் அத்துணைப்பொருளை அனுபானம் என்பர். பயிரைக் காக்கத் தெளிக்கும் மருந்துக்கும் இத்தகைய துணை உண்டா? செடிகள் தரும் நறுமண எண்ணெயை வேதிப் பூச்சிக்கொல்லியோடு சேர்த்து, நஞ்சின் அளவைக் குறைக்க இயலுமா? அச்சேர்க்கை எப்போது நன்மை தரும்? எப்போது பயனற்றுப் போகும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

எஞ்சி நிற்கும் பூச்சிகள்

பூச்சிக்கொல்லிகளின் வரலாற்றில் 1939ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர் பால் முல்லர், டி.டி.டி. என்னும் வேதிப்பொருளுக்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டெனக் கண்டறிந்தார். 1948ஆம் ஆண்டு அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும், அப்பரிசு அவர் கைக்கு வருமுன்பே டி.டி.டி.யால் சாகாத வீட்டு ஈக்கள் தோன்றிவிட்டன. இதுவும் முதல் நிகழ்வன்று. 1914ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் மெலாண்டர், பழமரங்களைத் தாக்கும் செதில் பூச்சிகள் சுண்ணாம்பு-கந்தகக் கரைசலைத் தாங்கி உயிர்வாழ்வதை எடுத்துக்காட்டியிருந்தார்.

பூச்சிகள் நஞ்சுக்குப் பழகிவிடுகின்றன எனப் பலரும் கருதுவர். உண்மையில் நிகழ்வது வேறு. வயலிலுள்ள பல்லாயிரம் பூச்சிகளுள் மிகச் சில, நஞ்சைத் தாங்கும் தன்மையைப் பிறப்பிலேயே பெற்றிருக்கும். மருந்து தெளித்ததும் ஏனையவை மடிய, அச்சில எஞ்சும். அவற்றின் வழித்தோன்றல்களும் அத்தன்மையைப் பெறும். ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தால், தாங்கும் பூச்சிகளே வயலை நிறைக்கும். உழவர் மருந்தின் அளவைக் கூட்டுவார், செலவு ஏறும், மண்ணிலும் நீரிலும் தெளிப்பவர் உடலிலும் நஞ்சு சேரும், பூச்சியோ குறையாது.

பச்சை அசுவினி இதற்குத் தக்க சான்று. மிளகாய், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, புகையிலை முதலிய பயிர்களின் சாற்றை உறிஞ்சும் இச்சிறு பூச்சி, நூற்றுக்கும் மேற்பட்ட நச்சுயிரிகளைச் செடிக்குச் செடி பரப்ப வல்லது. ஆணின் துணையின்றியே பெண் அசுவினி குட்டிகளை ஈனும். ஆதலால், நஞ்சைத் தாங்கும் ஒரு பூச்சி எஞ்சினாலும் அதிலிருந்து ஒரு பெருங்கூட்டம் தோன்றிவிடும். நஞ்சைச் சிதைக்கும் நொதியை மிகுதியாகச் சுரக்கும் அசுவினிகள் உலகின் பல பகுதிகளில் பரவியுள்ளன.

செடிகளின் தற்காப்பு

ஓமத்தைக் கசக்கினால் எழும் மணமும், கிராம்பைக் கடித்தால் நாவில் ஏறும் காரமும் மனிதருக்காக அமைந்தவை அல்ல. ஓடித் தப்ப இயலாத செடிகள் தம்மைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ள உருவாக்கியவை அவை. இலை, பூ, பட்டை, விதை ஆகியவற்றை நீராவியில் வடித்தால் இம்மணப்பொருள்கள் எண்ணெயாகப் பிரியும். அதுவே நறுமண எண்ணெய். ஓம எண்ணெயில் தைமால், கிராம்பு எண்ணெயில் யூஜினால், எலுமிச்சம்புல் எண்ணெயில் சிட்ரால், தைலமர எண்ணெயில் சினியோல் என ஒவ்வொன்றிலும் முதன்மையான ஒரு பொருளும், சிறிய அளவில் வேறு பல பொருள்களும் கலந்திருக்கும்.

இவற்றுள் பல, பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகின்றன. சில, பூச்சியை விரட்டுகின்றன. இவை விரைந்து ஆவியாவதால் விளைபொருளில் நெடுநாள் தங்குவதில்லை. இது நன்மையே. ஆனால், இதே இயல்புதான் இவற்றின் குறையும் ஆகிறது. காலையில் தெளித்த எண்ணெய் வெயில் ஏறியதும் பெரிதும் காற்றில் கலந்துவிடும். நறுமண எண்ணெயை மட்டுமே நம்பினால் அடிக்கடி தெளிக்க நேரிடும். வேதிமருந்து நிலைத்து நிற்கும். ஆனால், தீங்கு மிகுதி. எண்ணெய் தீங்கு குறைந்தது, ஆனால், நிலைப்பதில்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன என்னும் எண்ணம் இவ்விடத்தில் எழுகிறது.

நல்லெண்ணெய் காட்டிய வழி

செவ்வந்தியை ஒத்த ஒருவகைப் பூவை உலர்த்திப் பெறும் பைரீத்திரம் பழமையான பூச்சிக்கொல்லி. அதனோடு நல்லெண்ணெயைச் சேர்த்தால் ஈக்களைக் கொல்லும் ஆற்றல் மிகுகிறது என்பது 1940ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிப்பட்டது. நல்லெண்ணெய் நறுமண எண்ணெய் அன்று, பூச்சிக்கொல்லியும் அன்று. எனினும், அதிலுள்ள செசமின் முதலிய பொருள்கள் பைரீத்திரத்தின் வலிமையைப் பெருக்கின. 1947ஆம் ஆண்டு பைப்பரோனைல் பியூட்டாக்சைடு என்னும் துணைப்பொருள் உருவாக்கப்பட்டது. சாசாப்ராசு என்னும் மரவகையின் நறுமண எண்ணெயில் கிடைக்கும் சாப்ரோல் அதன் மூலப்பொருள். வீடுகளில் பயன்படும் பூச்சிமருந்துகள் பலவற்றில் அப்பொருள் இன்றும் இடம்பெறுகிறது.

தான் மிகுதியாகக் கொல்லாமல், உடனிருக்கும் மருந்தின் ஆற்றலை இவ்வாறு பெருக்குவதைக் கூட்டாற்றல் எனலாம். அது இருவழிகளில் நிகழ்கிறது. பூச்சியின் உடலில் சைட்டோகுரோம் பி450 எனப்படும் நொதிகள் உள்ளன. உட்புகும் நஞ்சைச் சிதைத்து வெளியேற்றும் காவலர்கள் அவை. துணைப்பொருள் அந்நொதிகளை முடக்கிவிட்டால் நஞ்சு சிதையாமல் தன் இலக்கை அடையும். இது முதல் வழி. பூச்சியின் மெழுகு படிந்த மேற்றோலை ஊடுருவ உதவுவது இரண்டாம் வழி. ரோசுமேரி எண்ணெயிலுள்ள சினியோலும் கற்பூரமும் சேரும்போது, கற்பூரம் முட்டைக்கோசைத் தின்னும் புழுவின் உடலுக்குள் மிகுதியாகப் புகுவதை 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது.

ஓர் எண்ணெய், இரு விளைவு

அதே 2015ஆம் ஆண்டு கனடா நாட்டு ஆய்வாளர்கள் பச்சை அசுவினியைக் கொண்டு செய்த ஆய்வும் வெளிவந்தது. லாவண்டர், தைம் ஆகிய செடிகளின் எண்ணெய்களையும், அவற்றின் முதன்மைப் பொருள்களாகிய லினலூல், தைமால் ஆகியவற்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். அசுவினியின் மேல் நேரடியாகத் தெளித்தபோது அவை கொன்றன. எண்ணெய் பூசிய இலையில் அசுவினியை விட்டபோது தீங்கு நேரவில்லை.

பின்னர், அவ்வெண்ணெய்களை இமிடாகுளோபிரிட் என்னும் மருந்தோடு சேர்த்தனர். அம்மருந்தின் நச்சாற்றல் 16 முதல் 20 மடங்கு வரை உயர்ந்தது. லினலூலையோ தைமாலையோ தனியே சேர்த்தபோது அத்துணை உயர்வு இல்லை. எண்ணெயில் சிறிதளவே உள்ள பிற பொருள்களே கூட்டாற்றலுக்குக் காரணமாக இருக்கலாம் என அவர்கள் கருதினர்.

அடுத்து, அதே எண்ணெய்களை ஸ்பைரோடெட்ராமேட் என்னும் மருந்தோடு சேர்த்தனர். விளைவு தலைகீழாயிற்று, மருந்தின் ஆற்றல் குறைந்தது. இது முரண்வினை. அதே அசுவினி, அதே எண்ணெய். மருந்து மாறியதும் துணை பகையாயிற்று.

துணைப்பொருள் எவ்வாறு பகையாக இயலும் என்பதை மாலத்தியான் என்னும் மருந்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மாலத்தியான் அதே வடிவில் கடும் நஞ்சன்று. பூச்சியின் உடலிலுள்ள பி450 நொதிகளே அதனை மாலாக்சான் என்னும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அந்நொதிகளை முடக்கினால் நஞ்சு உருவாவது தடைப்படும். ஒரு மருந்தை அழிக்கும் காவலனே மற்றொரு மருந்துக்குக் கூர்தீட்டித் தருகிறான். ஆகவே, எண்ணெய் நல்லதா என்று பொதுவாக வினவுவதில் பயனில்லை. எந்த எண்ணெய், எந்த மருந்தோடு, எந்தப் பூச்சிக்கு என்று ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியே சோதித்தறிய வேண்டும்.

கலக்கும் கையின் பொறுப்பு

கூட்டாற்றலின் பயன் கொல்லும் வலிமையைக் கூட்டுவதில் இல்லை. நஞ்சின் அளவைக் குறைப்பதில் உள்ளது. இமிடாகுளோபிரிட் தேனீக்களுக்குத் தீங்கு செய்வதால், ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டு திறந்தவெளிப் பயிர்களில் அதனைப் பயன்படுத்தத் தடை விதித்தது. இத்தகைய மருந்தைக் குறைந்த அளவில் பயன்படுத்த வழி கிடைப்பின், அது நல்வழியே. எனினும், தேனீயும் பி450 நொதிகளைக் கொண்டே நஞ்சைச் சிதைக்கிறது. இமிடாகுளோபிரிட்டின் இனத்தைச் சேர்ந்த சில மருந்துகளோடு பைப்பரோனைல் பியூட்டாக்சைடைச் சேர்த்தபோது, தேனீக்களுக்கு அவற்றின் நச்சாற்றல் பன்மடங்கு உயர்ந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. பகைப்பூச்சியின் கவசத்தை உடைக்கும் பொருள் நட்புப்பூச்சியின் கவசத்தையும் உடைக்கக்கூடும்.

பயிருக்கும் கேடு நேரலாம். அளவு மிகுந்த நறுமண எண்ணெய் இளந்தளிரைக் கருக்கும். நீரில் எண்ணெய் சீராகக் கலவாவிடில் ஒரு செடிக்கு மிகுதியாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் மருந்து சேரும். ஆய்வகத்தின் சிறு கலத்தில் கண்ட விளைவு, காற்றும் வெயிலும் மழையும் உள்ள வயலில் அப்படியே கிடைக்கும் எனக் கொள்ளுதல் தவறு. ஆதலால், கடையில் வாங்கிய மருந்தோடு கையில் கிடைத்த எண்ணெயைத் தெளிப்பானில் ஊற்றிக் கலப்பது சோதனையாகாது. அது ஊறு விளைக்கும் செயலாகும். எதனை எதனோடு, எவ்வளவு கலக்கலாம் என்பதை மருந்துக் கலத்தின் சிட்டையும் வேளாண் அலுவலரின் அறிவுரையும் சொல்லவேண்டும்.

பயிர்ச்சுழற்சி, எதிர்ப்புத்திறன் கொண்ட விதை, அசுவினியைத் தின்னும் பொறிவண்டு, பூச்சியின் எண்ணிக்கையை அறிந்தபின் தெளித்தல் ஆகியவையே பயிர்ப் பாதுகாப்பின் அடிப்படை. இவை போதாதபோதுதான் மருந்து. அம்மருந்தின் அளவைக் குறைக்கவே துணை. இயற்கையில் கிடைப்பது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகாது. ஆய்வகத்தில் பிறந்தது என்பதாலேயே ஒன்று விலக்கத்தக்கதும் ஆகாது. நோயறிந்து மருந்தும், மருந்தறிந்து அனுபானமும் தேர்ந்த மருத்துவரின் நிதானம், தெளிப்பானை ஏந்தும் கைக்கும் வேண்டும்.